தென்னை நார் விரிப்பும் வண்டல் வேலியும்: கோத்தகிரிச் சரிவில் 14 மாதங்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலைக்குச் சற்று உள்ளே, முன்பு தேயிலை நின்ற 12 சென்ட் சரிவு நிலத்தில் சென்ற ஆண்டு வீட்டு வேலையைத் தொடங்கினேன். மதிப்புரை எழுத வந்தவன் வீடு கட்டிய கதையைச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் நான் மதிப்பிடும் பொருள்கள், அதாவது சரிவு மண்ணை மூடும் தென்னை நார் வலையும் தப்பிய மண்ணைப் பிடிக்கும் வண்டல் தடுப்பு வேலியும், எந்த மண்ணில், எந்த மழையில் சோதனைக்கு உள்ளாயின என்பது தெரிந்தால்தான் என் தீர்ப்பு பிறருக்குப் பயன்படும். தளம் அமைக்க மலைப்பக்கம் 3 மீட்டர் உயரத்துக்கு மண்ணை வெட்டினோம். வெட்டிய மண்ணின் ஒரு பகுதியைப் பள்ளப்பக்கம் கொட்டி நிரவினோம். ஆக, வெட்டுச் சரிவு ஒன்று, கொட்டுச் சரிவு ஒன்று என இரண்டு வெற்று முகங்கள் மழைக்குக் காத்திருந்தன. நீலகிரியில் மண்வாரி இயந்திரத்தை இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால் பெரும்பாலும் கடப்பாரை, மண்வெட்டி, சட்டி வேலைதான் நடந்தது. வேலை மெதுவாக நகர்கிறதே என்று அப்போது சலித்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் முழுச் சரிவும் திறந்து கிடக்காமல் போனது அந்த மெத்தனத்தின் புண்ணியம் என்பது பிறகுதான் விளங்கியது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை கோடை மழை முக்கால் மணி நேரம் அடித்தது. மறுநாள் காலையில் கீழ் நிலத்துப் பெரியவர் வரப்பேறி வந்தார். அவர் கேரட்டும் பீன்ஸும் பயிரிடுபவர். பாசனத்துக்கும் புழக்கத்துக்கும் ஊற்றுநீர்த் தொட்டி ஒன்றைத் தலைமுறையாகக் காத்து வருபவர். "உங்க வீட்டு மண்ணு பாதி எங்க தொட்டியிலதான் சார் இருக்கு, வந்து பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கூடுதல் கூச்சமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் படிந்திருந்தது; இரண்டு கேரட் பாத்திகள் பூசி மெழுகியதுபோல் மூடிக் கிடந்தன. நான்கு ஆட்களை அனுப்பித் தொட்டியைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, "மழைக்காலத்துக்கு முன்னாடி வழி பண்ணிடறேன் ஐயா" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காக வாங்கியவைதான் கீழே நான் மதிப்பிடும் பொருள்கள்.

வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரே அறிவார்ந்த செயல், ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெட்டுச் சரிவின் மண்ணை மூன்று விரல் உயரத்துக்கு இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஜன்னல் திட்டில் வைத்ததுதான். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிட்டது. அதன்மேல் மாவுபோன்ற வண்டல் மதியத்துக்குள் ஒரு படலமாக இறங்கியது. ஆனால் களிமண் துகள் இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் பாட்டிலின் மேற்பாதி பால் ஊற்றிய தேநீர்போல் கலங்கலாகவே நின்றது. நம் மலைச் சரிவுகளில் மேலே கறுத்த மேல்மண்ணும், அதன் கீழே பாறை சிதைந்து உண்டான ஆழமான செங்களிமண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் தோண்டும்போது வெளியே வருவது இந்தச் செங்களிமண். மிதக்கத் தொடங்கிவிட்ட களிமண்ணைப் பிடிக்க வேலியும் உதவாது, வண்டல் படியத் தோண்டும் குழியும் உதவாது. ஒரு நாளுக்குமேல் அசையாமல் நிறுத்திவைக்க இடம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது இயலும், 12 சென்ட்டில் அதற்கு வழியில்லை. அந்தப் பாட்டில் எனக்குச் சொன்னது, கையிருப்பில் பெரும்பங்கை மண்ணை மூடுவதற்குச் செலவிடு, மிச்சத்தைக் கொண்டு தப்பியதைப் பிடி என்பதே. சந்தையில் இதற்கு நேர்மாறாகத்தான் விற்கிறார்கள். வேலிதான் முதலில் கண்முன் வைக்கப்படுகிறது.

மூடுவதற்கு நான் தேர்ந்தெடுத்தது தென்னை நார் வலை. கயிறு வாரியம் இதைக் 'கயிறு பூவஸ்த்ரா' என்ற பெயரில் பரப்பி வருகிறது. சாலைக் கரைகளிலும் மலைச் சரிவுகளிலும் இதைப் பயன்படுத்துவதற்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டுதலே தனியாக உண்டு. நாரைக் கயிறாகத் திரித்து, கட்டம் கட்டமாக நெய்த முரட்டு வலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று மூன்று எடைகளில் பொதுவாகக் கிடைக்கிறது. சரிவு கூடக் கூட எடை கூடிய வகை வேண்டும். என் இரு சரிவுகளும் செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் நடுவில் நிற்பவை என்பதால் 700 கிராம் வகையைக் கேட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விற்பனையாளரிடம் சதுர மீட்டர் 90 ரூபாய்க்குப் பேசி, 1 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட 4 சுருள்கள் வாங்கினேன். வாகன வாடகை தனி.

இங்கே என் முதல் குறை. வந்து இறங்கிய சுருளை ஓர் ஆள் ஒரு கையால் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. கணக்கு எளியது: 50 சதுர மீட்டர், 700 கிராம் என்றால் ஒரு சுருள் 35 கிலோ இருக்க வேண்டும். பக்கத்தில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் மாட்டினோம். 22 கிலோ காட்டியது. அதிலும் மலைப் பனியில் ஓர் இரவு கிடந்து ஈரம் ஏறிய எடை அது. 400 கிராம் வகையை 700 என்று அனுப்பியிருந்தார்கள். தொலைபேசியில் முதலில் 'நெசவில் ஏற்ற இறக்கம் இருக்கும்' என்றார்கள். தராசின் படத்தை அனுப்பியதும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், போக்குவரத்துச் செலவில் பாதியை என் தலையில் கட்டிவிட்டுத்தான். அவர்களுடைய பெயரை எழுதப் போவதில்லை. மாற்றி வந்த சரக்கு சரியான எடையிலும் நல்ல நெசவிலும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பொருளை வாங்கும் எவரும் செய்ய வேண்டியது, சுருளை வெயிலில் உலர்த்தி எடை போடுவதுதான். கண்ணால் பார்த்து வகை பிரிப்பது கடினம். கயிற்றின் தடிமனில் உள்ள வேறுபாடு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மட்டுமே தெரியும்.

இரண்டாவது குறை விரித்த முறையில். விரிப்பதற்கென்று ஆள் அனுப்பிய குழுவைக் குறை சொல்வதா, மேற்பார்வை பார்க்காமல் கோயம்புத்தூர் போய்விட்ட என்னைச் சொல்வதா தெரியவில்லை. இரண்டுக்கும் பங்கு உண்டு. மாலையில் திரும்பி வந்து பார்த்தபோது சரிவு முழுவதும் அழகாக மூடப்பட்டிருந்தது. அழகுதான் கோளாறு. கயிற்றுக் கட்டில்போல வலையை விறைப்பாக இழுத்து, நான்கு ஓரங்களில் மட்டும் மூங்கில் முளை அடித்திருந்தார்கள். மண் மேடுபள்ளமானது, விறைத்த வலை மேட்டைத் தொட்டு, பள்ளத்தைத் தொடாமல் பாலம்போல் தாண்டிப் போயிருந்தது. அடுத்த மழையில் நீர் வலைக்கு அடியில் தன் போக்கில் ஓடியது. வலையைத் தூக்கிப் பார்த்தால், விரல் நுழையும் அகலத்துக்குக் கோடு கோடாகக் கீறல்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. வெற்றுச் சரிவைவிட இது மோசம் என்று எனக்குத் தோன்றியது, வெற்றுச் சரிவு குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிந்து அரிபடும்.

எல்லாவற்றையும் பிரித்து, மேஸ்திரியையும் இரண்டு சித்தாள்களையும் வைத்து நாங்களே மறுபடி விரித்தோம். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பொருளின் தரம் பாதி நெசவில் இருக்கிறது என்றால் மீதிப் பாதி இதில்தான் இருக்கிறது. முதலில் சரிவில் துருத்திய கற்களையும் தேயிலை வேர்க்கட்டைகளையும் எடுத்து, கட்டிகளை உடைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி நிரவினோம். சரிவின் உச்சிக்கு ஓர் அடி மேலே, ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள பள்ளம் எடுத்து, வலையின் தலைப்பை அதற்குள் மடித்து முளையடித்து மண் போட்டு மிதித்தோம். இந்தத் தலைப் பள்ளம் இல்லாவிட்டால் மேலிருந்து வரும் நீர் வலைக்கு அடியில் நுழைவதை எதுவும் தடுக்காது. பிறகு சுருளைக் குறுக்கே அல்லாமல் மேலிருந்து கீழாக உருட்டினோம். ஒரு பட்டையின் ஓரம் அடுத்ததன்மேல் அரை அடி ஏறியிருக்கும்படி வைத்தோம். இழுக்காமல், ஈரத் துணியை உடம்பில் போர்த்துவதுபோல் தளர்வாகப் படியவிட்டு, மேஸ்திரி வெறுங்காலால் அதன்மேல் நடந்து, கால் எங்கே தொய்கிறதோ அங்கெல்லாம் ஒரு முளை அடித்தார். 6 மி.மீ. கம்பியை ஓர் அடி நீளத்துக்கு 'ப' வடிவில் வளைத்த முளைகள் அவை; கொட்டுச் சரிவின் பொலபொலத்த மண்ணில் ஓர் அடி பிடிக்காது என்று அங்கே ஒன்றரை அடியாக வளைத்துக்கொண்டோம். மீட்டருக்கு ஒன்று, பட்டைகள் சேரும் இடத்தில் இன்னும் நெருக்கமாக.

மூங்கில் முளையைக் கைவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பகுதியில் இரவில் காட்டுமாடுகள் வந்து போகும். ஜூலையில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தால், கொட்டுச் சரிவின் குறுக்கே மூன்று மாடுகள் நடந்து போன குளம்புத் தடம். மூங்கில் மிச்சம் இருந்த ஒரு மூலையில் வலை இரண்டு முழத்துக்கு உரிந்து தொங்கியது, கம்பி முளை அடித்த இடத்தில் வலை சற்றே மண்ணுக்குள் அழுந்தியதோடு சரி. எந்தத் தயாரிப்பாளரும் தம் விளம்பரத்தில் காட்டுமாட்டைத் தாங்கும் என்று எழுதியதில்லை. என் அளவில் தாங்கியது என்று எழுதிவைக்கிறேன்.

இனி இதன் உண்மையான வேலை. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெற்று மண்ணில் அது ஒரு சிறு சுத்தியல் அடி. மண் கட்டி உடைந்து, துகள் தெறித்து, தெறித்த துகள் மேற்பரப்பின் நுண்துளைகளை அடைத்து, உறிஞ்ச வேண்டிய நீர் உறிஞ்சப்படாமல் ஓடத் தொடங்குகிறது. வலை இந்த அடியின் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது, சரிவுக்குக் குறுக்கே போகும் ஒவ்வொரு கயிறும் அரை விரல் உயரத்தில் ஒரு தடுப்பணையாக நின்று, ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து, அது சுமந்து வரும் மண்ணை அந்தக் கட்டத்துக்குள்ளேயே இறக்கிவைக்கச் செய்கிறது. தென்னை நார் நீரை உறிஞ்சிக் கனத்து மண்ணோடு ஒட்டிக்கொள்வதும் பிளாஸ்டிக் வலைக்கு இல்லாத குணம்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை முறையாக இறங்கிய ஒரு பிற்பகலில், கூரை போட்டு முடித்திருந்த பின்வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து இதைக் கண்ணாலேயே பார்த்தேன். வெட்டுச் சரிவின் ஓரத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குக் குழாய் பதிக்க வேண்டும் என்று ஒரு முழ அகலத்துக்கு மூடாமல் விட்டிருந்தோம். இருபது நிமிடத்தில் அந்தக் கீற்றிலிருந்து செங்குழம்பு வழிந்தது. அதை ஒட்டியே வலைக்குக் கீழிருந்து வடிந்த நீர், சாயம் போன வேட்டியைக் கழுவிய நீர் அளவுக்கே நிறம் கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வாய்க்காலில் கலக்கும் இடத்தில் கொஞ்ச தூரம் இரு நிறக் கோடுகளாகவே ஓடின. மழை விட்டதும் செய்த முதல் வேலை, அந்தக் கீற்றையும் மூடியதுதான்.

வலையை விற்பவர்கள் சொல்லத் தவறும் ஒன்று, அது நிரந்தரப் பொருள் அன்று என்பது. தென்னை நாரில், எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருள் மிகுதி என்பதால் மற்ற இயற்கை நார்களைவிட மெதுவாக மக்குகிறது. இருந்தாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் போய்விடும். அதற்குள் புல் பிடித்துவிட வேண்டும். இது புல்லுக்காகக் காலம் வாங்கித் தரும் பொருள். இந்த மலையில் அதற்கு ஒரு பஞ்சாங்கக் கணக்கும் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் போன்ற கிழக்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று தருவது பெரும்பாலும் தூறலும் மூட்டமும்தான். அதன் முழு வேகம் மேற்கே அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கத்தில் தீர்ந்துவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் பக்கத்துக்கு அடி விழுவது அக்டோபர், நவம்பரில். ஆகவே ஜூன் தொடக்கத்தில் வலை விரித்து, விதையும் நாற்றும் போட்டுவிட்டால், மூன்று மாதத் தூறல் அவற்றை வளர்த்துக்கொடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை வரும்போது வேர் இறங்கியிருக்கும். செப்டம்பர் கடைசியில் விரித்து நவம்பரில் குறை சொல்பவர்களின் மதிப்புரைகளைப் படித்தேன். பொருளின் மேல் தவறில்லை. நீங்கள் அவலாஞ்சிப் பக்கம் கட்டுபவராக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும், கோடையிலேயே வேலையை முடிக்க வேண்டும்.

என்ன நட்டேன் என்றால், முதலில் ஆர்வத்தில் வெட்டிவேர். சமவெளியில் அதன் வேர் 3 மீட்டர் ஆழத்துக்கும் மேல் இறங்கும் என்பது உண்மை. எங்கள் குளிரில் அது முதல் ஆறு மாதம் முடங்கியே நின்றது. உயிர் இருக்கிறது, ஓட்டம் இல்லை. கைகொடுத்தவை இரண்டு. கீழ்நிலத்துப் பெரியவர் ஒரு படி கேழ்வரகைக் கொடுத்து, "இத தூவி விடுங்க சார், ஒரு வாரத்துல பச்சையா மூடிரும்" என்றார், மூடியது. அதன் நிழலில், சாலையோரத்தில் வெட்டிய கிக்குயு புல்லின் கணுத்துண்டுகளை வலையின் கட்டங்களுக்குள் செருகினோம். மூன்று மாதத்தில் அது கயிற்றையே பின்னிக்கொண்டது. கிக்குயு வெளியிலிருந்து வந்த புல், சோலைக்காட்டு ஓரத்தில் அதை நடுவது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே ஊர் முழுவதும் அதுவே படர்ந்திருக்கும் இடத்தில் எனக்கு அவ்வளவு குற்ற உணர்ச்சி இல்லை. தேயிலைத் தோட்டக்காரர்கள் மண்ணை மீட்கப் பயன்படுத்தும் கவுதமாலாப் புல்லைக் கொட்டுச் சரிவின் அடியில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் ஓராண்டு வேண்டும். இதுபோன்ற புற்களைப் பற்றி ஐயம் உள்ளவர்களுக்கு, உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

இனி வேலி. ஆயத்தமாகத் தைத்து வரும் வண்டல் தடுப்பு வேலியைக் கடைக்காரர்களும் பொறியாளர்களும் 'சில்ட் ஃபென்ஸ்' என்றே சொல்கிறார்கள்: 3 அடி உயரக் கறுப்புத் துணி, இடையிடையே செருகிய மரக் கம்புகள். துணி நன்றாக இருந்தது. நெசவு இறுக்கம், ஓராண்டு வெயிலில் கிழியவில்லை. கம்புகள் மட்டம். பாதிக் கம்புகள் அடிக்கும்போதே பிளந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்புகளை ஆறடிக்கு ஒன்றாக நட்டுத் துணியை மேட்டுப் பக்கத்தில் வருமாறு கட்டினோம். இந்த வேலி நீரை வடிகட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மழையிலேயே துணியின் கண்கள் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன; அதன் பிறகு அது செய்வது நீரைச் சற்று நேரம் தேக்கி நிறுத்துவதுதான், தேங்கிய நீரில் மணலும் வண்டலும் இறங்குகின்றன. தேங்க இடம் வேண்டும் என்பதால் சரிவின் அடியை ஒட்டி நடாமல் ஐந்தாறு அடி தள்ளி நட வேண்டும்; சமமட்டக் கோட்டில் போக வேண்டும்; இரு முனைகளையும் மேட்டுப் பக்கம் வளைத்துவிட வேண்டும், இல்லையேல் தேங்கிய நீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். துணியின் அடியை அரை அடியாவது பள்ளத்தில் புதைத்து மண்ணை மிதித்திருக்க வேண்டும். புதைக்காத வேலி வேட்டி உலர்த்தும் கொடிதான்.

எங்கள் மேஸ்திரி வேலியில் மிஞ்சிய பத்தடித் துணியை, வீணாகப் போகக் கூடாதே என்று, வாய்க்காலின் குறுக்கே கட்டிவிட்டார். அந்த வாரமே அது வயிறு வீங்கிப் பிய்ந்தது. ஓடிச் சேர்ந்த நீருக்கு முன் இந்தத் துணி நிற்காது. பரந்து வழியும் நீருக்கு மட்டுமே அது ஏற்றது. வாய்க்காலுக்கு வேண்டியது கல். வெட்டும்போது கிடைத்த கற்களையே குறுக்கே முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் சற்றுத் தாழ்வாக விட்டு, கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வருமாறு நான்கு இடங்களில் வைத்தோம். காசு செலவில்லாமல் இந்த வேலை முழுவதிலும் மிக நன்றாக அமைந்தது அதுதான் என்பதை, பொருள்களை மதிப்பிடும் ஒரு கட்டுரையில் சற்றுக் கூச்சத்தோடு எழுதுகிறேன். வேலியின் பின்னால் வண்டல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறியதும் வாரி எடுக்க வேண்டும். நவம்பரில் மட்டும் இருமுறை வாரினோம். வாரியதை மறுபடி சரிவின் மேலேயே கொட்டப் போன சித்தாளை நேரத்தில் பிடித்தோம்.

ஒப்பந்தக்காரர்கள் பலர் வேலிக்குப் பதிலாகப் பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கட்டிவிட்டு வண்டல் தடுப்பு ஆயிற்று என்கிறார்கள். நானும் சாலைப் பக்கம் இருபதடி கட்டிப் பார்த்தேன். அதன் கண்களில் வண்டல் தாராளமாகப் போய் வருகிறது. தூசிக்கும் கண்ணேறுக்கும் அது போதும். நீலத் தார்ப்பாயைச் சரிவின்மேல் விரிப்பதும் பரவலான பழக்கம். திடீர் மழைக்கு ஓரிரவு காப்பாக அதை ஏற்கலாம். வாரக்கணக்கில் கிடந்தால் அடியில் புல் முளைக்காது, விழுந்த நீர் முழுவதும் ஒரு சொட்டும் உறிஞ்சப்படாமல் சரிவின் அடியில் போய் விழுந்து அங்கே குழி பறிக்கும். மணல் குவியலை மூட அதையே வைத்துக்கொண்டேன். லாரி வெளியேறும் வாசலில் கைப்பிடி அளவுள்ள பெரிய ஜல்லியை ஒரு லாரி நீளத்துக்குப் பரப்பியதால் டயரில் ஒட்டிய சேறு ஊர்ச் சாலைக்கு வருவது பெரிதும் குறைந்தது.

வலையைப் பாராட்டி இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அது ஆபத்தான மதிப்புரையாகிவிடும். தென்னை நார் வலை மேல்மண் அரிப்பைத் தடுக்கும், நிலச்சரிவைத் தடுக்காது. 2009 நவம்பர் 10 அன்று உதகைக்கு அருகே கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவாகி, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மாண்டபோது இறங்கியது மேற்பரப்புத் துகள் அன்று. நீர் ஊறிக் கனத்து, பிடிப்பு தளர்ந்த முழு மண் அடுக்குகள். அதற்கு முன் அரை விரல் உயரக் கயிறு என்ன செய்யும்? வெட்டுச் சரிவின் அடியில் நான் கல் தாங்கு சுவர் கட்டியிருக்கிறேன். அதன் பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் கசிந்து வெளியேறக் குழாய்த் துளைகள் விட்டிருக்கிறேன். சரிவின் உச்சிக்கு மேலே, மேல் தோட்டத்து நீர் உள்ளே வராதபடி குறுக்கு வாய்க்கால் ஒன்று எடுத்து ஓரமாகத் திருப்பியிருக்கிறேன். சாலையோரச் செங்குத்து வெட்டுகளில் நெடுஞ்சாலைத் துறையினர் நீண்ட கம்பிகளை மலைக்குள் செலுத்தி மண்ணைத் தைக்கும் முறையைச் சில இடங்களில் கையாள்வது இதனால்தான். மேல் வாய்க்கால் இல்லாமல் வலைக்கு மட்டும் செலவிட நினைப்பவர் அந்தப் பணத்தில் முதலில் வாய்க்காலை வெட்டட்டும்.

பதினான்கு மாதம் கழிந்த இன்றைய நிலை இது. வெட்டுச் சரிவின் உச்சியில், வெயில் நேராகப் படும் இடத்தில், கயிறு சாம்பல் நிறமாகி, விரலால் சுண்டினால் அறுகிறது. நடுப்பகுதியில் புல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் வலை இருப்பதே தெரிகிறது. அங்கே கயிறு இன்னும் உறுதி. கொட்டுச் சரிவு முக்கால் அடி அமுங்கியிருக்கிறது. வலையைத் தளர்வாக விரித்ததால் அது கிழியாமல் கூடவே இறங்கிவிட்டது. இரண்டு இடங்களில் பட்டைச் சேர்ப்பு விலகி, ஒரு சாண் அகலத்துக்கு மண் போயிருக்கிறது. அங்கே முளைகளைச் சிக்கனம் செய்தது நினைவிருக்கிறது. வேலியைப் பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டேன், துணி இன்னொரு வேலைக்கு ஆகும். 700 கிராம் வலையை மறுபடியும் வாங்குவேன். 400 கிராம் வகையைச் சமதளத்துக்குத் தவிர வாங்க மாட்டேன். விரிக்கும் சேவைக்குக் காசு கொடுக்க மாட்டேன். ஆயத்த வேலியில் துணியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்பேன்.

சென்ற வாரம் இரண்டு நாள் தூறலுக்குப் பிறகு, கீழ்நிலத்துத் தொட்டிக்குப் போகும் வாய்க்கால் முனையில் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலில் நீர் பிடித்து ஜன்னல் திட்டில் வைத்தேன். மாலைக்குள் அடியில் நகக்கண் அளவு மணல். மேலே நீர் இன்னும் லேசாகக் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அதன் வழியே ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கம்பு வேலியை எண்ண முடிந்தது. பெரியவரிடம் காட்டினேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் தம்பி மகன் பள்ளிக்கூடத்துக்குக் கீழே அடித்தளம் தோண்டப் போவதாகவும், மிஞ்சிய வலை இருந்தால் விலைக்குக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். அரைச் சுருள் இருந்தது. எடை போட்டுத்தான் கொடுத்தேன்.